போர்க்காலத்தில் பெண்கள்: பாதுகாப்பும் பேச்சுவார்த்தை மேசையும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

போர்ச் செய்திகளில் பெண்கள் பெரும்பாலும் அழும் தாயாக வருகிறார்கள், இல்லையென்றால் வன்கொடுமைக்கு ஆளானவராக வருகிறார்கள். ஒப்பந்தத்தின் வாசகத்தைத் திருத்துபவராகவோ போர்நிறுத்தத்தைக் கண்காணிப்பவராகவோ வருவது அபூர்வம். பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம். சில பதில்கள் நீளம், சில இரண்டே வரி.

பெண்களின் பாதுகாப்பு ஒரு விஷயம், அமைதிப் பேச்சு வேறொரு விஷயம். இரண்டையும் ஏன் சேர்த்தே பேசுகிறீர்கள்?

முடிவெடுக்கும் அறையில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பாதுகாப்பு அமைகிறது என்பதால்.

ஒரு போர்நிறுத்த ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எதெல்லாம் மீறல் என்று அதில் ஒரு பட்டியல் இருக்கும்: துப்பாக்கிச் சூடு, படை நகர்வு, ஆயுதக் கடத்தல். பாலியல் வன்முறை அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால், கண்காணிப்புக் குழு அதைப் பதிவு செய்யாது. ஊரில் எத்தனை பெண்கள் தாக்கப்பட்டாலும் "போர்நிறுத்தம் நன்றாகவே தொடர்கிறது" என்றுதான் அறிக்கை வரும். பொதுமன்னிப்புப் பிரிவும் அப்படித்தான். பேச்சுக்கு உட்காரும் தளபதிகள் தங்கள் படைகளின் குற்றங்களுக்குத் தாங்களே மன்னிப்பு எழுதிக்கொள்ள முடியும். கணவனை இழந்தவள் அவன் பெயரில் இருந்த நிலத்துக்குத் திரும்பலாமா என்பதையும் அதே அறையில்தான் தீர்மானிக்கிறார்கள். கேட்க வேண்டிய ஆள் உள்ளே இல்லையென்றால் அந்தக் கேள்வியே எழாது.

'1325' என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

ஐ.நா. பாதுகாப்பு சபை 2000 அக்டோபர் 31 அன்று ஒருமனதாக நிறைவேற்றிய தீர்மானத்தின் எண். பெண்கள், அமைதி, பாதுகாப்பு என்ற தலைப்பில் அந்தச் சபை எடுத்த முதல் தீர்மானம் அது. போரைத் தடுப்பதிலும் நிறுத்துவதிலும் பின்னர் நாட்டைக் கட்டுவதிலும் பெண்களுக்கு முழுப் பங்கு வேண்டும், போரின்போது பாலியல் வன்முறையிலிருந்து அவர்களைக் காக்க வேண்டும் என்பது அதன் சாரம். பங்கேற்பு, பாதுகாப்பு, தடுப்பு, நிவாரணமும் மீட்பும் என்று நான்கு தூண்களாக இதைப் பிரித்துச் சொல்வது வழக்கம்.

வல்லரசுகள் மனமுவந்து தந்த தீர்மானம் இல்லை இது. 1995-இல் பெய்ஜிங்கில் நடந்த உலகப் பெண்கள் மாநாடு, ஆயுதப் போரில் பெண்களின் நிலையைத் தனிப் பிரிவாக எடுத்துப் பேசியது. பெண்கள் அமைப்புகள் அதைப் பிடித்துக்கொண்டு ஐந்தாண்டுகள் விடாமல் வேலை செய்தன. 2000 மார்ச்சில் சபைத் தலைமை வங்கதேசத்திடம் இருந்தது. அந்நாட்டுத் தூதர் அன்வருல் சௌத்ரி, பெண்கள் தினத்தன்று சபையின் சார்பில் அமைதியையும் பெண்களின் சமத்துவத்தையும் இணைத்து ஓர் அறிக்கை வெளியிட்டார். மே மாதம் நமீபியாவின் விண்ட்ஹூக்கில், அமைதிப்படைப் பணிகளில் பெண்களுக்குச் சமப் பங்கு கோரும் ஒரு பிரகடனம் வந்தது. அக்டோபரில் நமீபியாவே சபைக்குத் தலைமை ஏற்றபோது தீர்மானம் நிறைவேறியது. நிரந்தர இடமோ வீட்டோவோ இல்லாத இரண்டு நாடுகள் முன்னால் நின்று இதைச் செய்து முடித்தன என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அதற்கு முன் எந்தச் சட்டமும் இல்லையா?

இருந்தது. 1949-இன் நான்காம் ஜெனிவா ஒப்பந்தம், 27-ஆம் பிரிவில், போர்க்காலத்தில் பெண்களை வன்புணர்விலிருந்து காக்க வேண்டும் என்று சொல்கிறது. ஆனால் அதைப் பெண்ணின் 'மானத்தின்' மீதான தாக்குதலாகத்தான் சொல்கிறது, அவள் உடல் மீதான வன்முறையாக அல்ல. 1977-இல் வந்த கூடுதல் நெறிமுறைகளும் தடை விதித்தன. ஏட்டில் சட்டம் இருந்தது, வழக்குத்தான் இல்லை.

பெண்கள் போரை எதிர்த்து அணிதிரண்டதும் புதிதல்ல. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915 ஏப்ரலில், ஒன்றோடொன்று சண்டையிட்ட நாடுகள் உட்படப் பல நாடுகளைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஹேக் நகரில் கூடி, நடுநிலை நாடுகள் தொடர்ந்து மத்தியஸ்தம் செய்ய வேண்டும் என்று கோரினார்கள். தலைமை தாங்கிய ஜேன் ஆடம்ஸுக்கு 1931-இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

போரில் நடக்கும் வன்புணர்வு, கட்டுப்பாட்டை இழந்த சில வீரர்கள் செய்வதுதானே?

நெடுங்காலம் அப்படித்தான் சொல்லித் தப்பித்தார்கள். சில இடங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் 1990-களில் பொஸ்னியாவிலும் ருவாண்டாவிலும் நடந்ததைப் பார்த்த பிறகு அந்தச் சமாதானம் எடுபடாது. பொஸ்னியாவின் ஃபோசா நகரில் பெண்களைக் கட்டடங்களில் மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்தார்கள். 2014 ஆகஸ்டில் ஈராக்கின் சிஞ்சார் பகுதியில் யாசிதி என்ற சிறுபான்மைச் சமயத்துப் பெண்களைப் பிடித்த ஐ.எஸ். அமைப்பு, அவர்களை விற்பதற்கும் வாங்குவதற்கும் விதிமுறைகளே எழுதி வைத்திருந்தது. காவல் போடவும் வாகனம் அனுப்பவும் உத்தரவு தரவும் ஆள் வேண்டும். இதற்கு நிர்வாகம் வேண்டும்.

ஊரைக் காலி செய்ய வைக்க, ஒரு சமூகம் திரும்பி வராதபடி அவமானத்தை விதைக்க, தகவல் பிடுங்க, படையினருக்குக் கூலியாகக் கொடுக்க என்று நோக்கங்கள் பல. 2008-இல் வந்த 1820-ஆம் தீர்மானம்தான் இதைப் போர் உத்தி என்று பாதுகாப்பு சபையின் வாயால் சொல்ல வைத்தது. அடுத்த ஆண்டு 1888-ஆம் தீர்மானத்தின்படி இதற்கென ஐ.நா. சிறப்புப் பிரதிநிதி பதவி உருவானது. 2010-இன் 1960-ஆம் தீர்மானம், குற்றம் புரிவதாகச் சந்தேகிக்கத் தகுந்த படைகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட வழி செய்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். உத்தரவின் பேரில் நடக்கிறது என்றால், உத்தரவின் பேரில் நிறுத்தவும் முடியும். எல்லாப் படைகளும் இதைச் செய்வதில்லை. தளபதி கண்டிப்பாகத் தடுத்த படைகளில் வன்புணர்வு குறைவாக இருந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 'போர் என்றால் இதெல்லாம் நடக்கத்தான் செய்யும்' என்ற பேச்சு, பொறுப்பில் இருந்தவர்களை விடுவிக்கிறது.

எத்தனை பேர் பாதிக்கப்படுகிறார்கள்?

போரோடு தொடர்புடைய பாலியல் வன்முறையில், 2023-ஆம் ஆண்டுக்கு ஐ.நா. சரிபார்த்த சம்பவங்கள் 3,688. பாதிக்கப்பட்டவர்களில் சுமார் 95 சதவீதம் பெண்களும் சிறுமிகளும். இதை மொத்தக் கணக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்காணிப்பாளர் போய்ச் சேர முடிந்த இடத்தில், வாய் திறக்கத் துணிந்தவர்களின் கணக்கு மட்டுமே இது. சாலை துண்டிக்கப்பட்ட, மருத்துவமனை மூடப்பட்ட ஊர்களிலிருந்து எண்ணிக்கை வராது. அதனால் ஒரு நாட்டில் எண் குறைவாக இருந்தால் அங்கே நிலைமை பரவாயில்லை என்று முடிவுகட்டிவிட முடியாது.

யாராவது தண்டிக்கப்பட்டிருக்கிறார்களா?

ஆம். முதல் பெரிய திருப்பம் ருவாண்டாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயத்தில் வந்தது. டாபா என்ற ஊரின் மேயராக இருந்த ஜான்-போல் அக்கயேசு மீதான குற்றப்பத்திரிகையில் தொடக்கத்தில் பாலியல் வன்முறை என்ற குற்றச்சாட்டே இல்லை. 1997-இல் சாட்சி சொல்ல வந்த ஒரு பெண், தன் ஆறு வயது மகளுக்கு நேர்ந்த கொடுமையைச் சொன்னார். பின்னர் வந்த இன்னொரு பெண், நகர அலுவலக வளாகத்தில் நடந்தவற்றைச் சொன்னார். மூவர் கொண்ட அந்த அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி நவநீதம் பிள்ளை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அமர்வு அந்தச் சாட்சியங்களைக் கடந்து போய்விடவில்லை, கேள்வி கேட்டு விவரம் வாங்கியது. பெண்கள் அமைப்புகளும் அழுத்தம் கொடுத்தன. குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்பு, வன்புணர்வும் இனப்படுகொலையின் ஒரு வடிவமாக இருக்க முடியும் என்று சர்வதேச நீதிமன்றம் ஒன்றின் பெயரில் முதல் முறையாகச் சொன்னது. நீதிபதி இருக்கையில் யார் அமர்ந்திருக்கிறார் என்பது ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்த வழக்கைத்தான்.

பிறகு 2001 பிப்ரவரியில், ஃபோசா வழக்கில், பெண்களை அடைத்து வைத்துப் பாலியல் அடிமைகளாக்கியது மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. 2002-இல் நடைமுறைக்கு வந்த ரோம் சாசனம், வன்புணர்வோடு பாலியல் அடிமைத்தனம், கட்டாயக் கர்ப்பம், கட்டாயக் கருத்தடை ஆகியவற்றையும் பெயர் சொல்லிக் குற்றமாக்கியது. அதன்படி இயங்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம், 2019-இல் காங்கோவின் கிளர்ச்சித் தளபதி போஸ்கோ என்டகாண்டாவையும் 2021-இல் உகாண்டாவின் கிளர்ச்சித் தளபதி டொமினிக் ஓங்வெனையும் குற்றவாளிகள் எனத் தீர்மானித்தது. என்டகாண்டா வழக்கில், சொந்தப் படையில் சேர்த்த சிறுமிகளைத் துன்புறுத்தியதும் போர்க்குற்றமாகக் கணக்கில் வந்தது.

சர்வதேச நீதிமன்றம் வரை போகத்தான் வேண்டும் என்பதில்லை. குவாத்தமாலாவின் செபூர் சார்கோ ராணுவத் தளத்தில் 1980-களில் அடிமைகளாக நடத்தப்பட்ட கெக்சி பழங்குடிப் பெண்கள், முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்துச் சொந்த நாட்டு நீதிமன்றத்திலேயே வழக்கு நடத்தினார்கள். முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். 2016 பிப்ரவரியில் ஒரு முன்னாள் ராணுவ அதிகாரிக்கு 120 ஆண்டுகளும், ராணுவத்துக்கு உதவிய முன்னாள் அலுவலர் ஒருவருக்கு 240 ஆண்டுகளும் சிறைத் தண்டனை கிடைத்தது. அதோடு தங்கள் ஊருக்கு மருத்துவ வசதியும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் நிலப் பிரச்சினைக்குத் தீர்வும் வேண்டும் என்று அந்தப் பெண்கள் கேட்டிருந்தார்கள். நீதிமன்றம் அவற்றையும் இழப்பீடாக உத்தரவில் சேர்த்தது. நடந்த குற்றங்களோடு ஒப்பிட்டால் தண்டனைகள் மிகக் குறைவு. இருந்தாலும், எதுவுமே நடக்கவில்லை என்று சொல்வது இந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம்.

தாக்கப்பட்ட ஒருவருக்கு முதலில் என்ன தேவை?

மருத்துவம், அதுவும் சீக்கிரம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். முந்தினால் நல்லது. அவசரக் கருத்தடை மாத்திரையை ஐந்து நாட்களுக்குள் எடுக்கலாம், அதிலும் தாமதம் கூடக்கூடப் பலன் குறையும். பால்வினை நோய்களுக்கான சிகிச்சையும் மஞ்சள் காமாலை பி, டெட்டனஸ் தடுப்பூசிகளும் தேவைப்படலாம். இந்த நேரம் கடந்துவிட்டது என்பதற்காக மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிட வேண்டாம். காயம், தொற்று, கர்ப்பம், மன அதிர்ச்சி எல்லாவற்றுக்கும் பிறகும் உதவி உண்டு.

காவல்துறையில் புகார் கொடுத்தால்தான் சிகிச்சை என்று எந்த மருத்துவரும் நிபந்தனை வைக்கக் கூடாது. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பது அந்தப் பெண்ணின் முடிவு. உடல் பரிசோதனையில் ஒவ்வொரு கட்டத்துக்கும் அவருடைய சம்மதம் வேண்டும். பெண்ணுக்கு முன்பே பாலுறவுப் பழக்கம் உண்டா என்று பார்ப்பதாகச் சொல்லிச் செய்யும் 'இரு விரல் பரிசோதனை' என்ற பழக்கத்துக்கு மருத்துவ அடிப்படையே கிடையாது, உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிடச் சொல்லிவிட்டது.

காங்கோவின் புகாவு நகரில் மருத்துவர் டெனி முக்வேகே 1999-இல் தொடங்கிய பான்சி மருத்துவமனையின் முறை பலருக்கும் முன்மாதிரி. அறுவை சிகிச்சை, மனநல ஆதரவு, சட்ட உதவி, பிழைப்புக்கான பயிற்சி நான்கும் அங்கே சேர்ந்தே கிடைக்கின்றன. 2018-இன் நோபல் அமைதிப் பரிசு அவருக்கும், சிஞ்சாரிலிருந்து தப்பி வந்து தன் மக்களுக்காகக் குரல் கொடுத்த நாடியா முராதுக்கும் சேர்த்துக் கிடைத்தது.

முகாமுக்கு வந்துவிட்டால் பாதுகாப்புதானே?

இல்லை. கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள் இல்லாமை, இரவில் விளக்கில்லாமை, தண்ணீர்க் குழாய் முகாமின் கோடியில் இருப்பது என்று சின்னதாகத் தோன்றும் விஷயங்கள்தான் பெண்களை ஆபத்தில் தள்ளுகின்றன. சூடானின் டார்ஃபூரில் விறகு பொறுக்க முகாமுக்கு வெளியே போன பெண்கள் தொடர்ந்து தாக்கப்பட்டார்கள். உணவுப் பொருள் கொடுத்தவர்கள் அதைச் சமைக்க எரிபொருள் வேண்டும் என்பதை யோசிக்கவில்லை. பின்னர்தான் விறகுக்குப் போகும் பெண்களுக்குக் காவல் துணையும், குறைந்த விறகில் எரியும் அடுப்புகளும் வந்தன.

நிவாரண அட்டை குடும்பத் தலைவரான ஆணின் பெயரில் மட்டும் இருந்தால், அவரைப் பிரிய நினைக்கும் பெண்ணுக்குச் சோறு கிடையாது. அட்டையைப் பெண்ணுக்கும் தனியாகக் கொடுப்பது செலவில்லாத ஒரு மாற்றம். முகாமைத் திட்டமிடும்போது பெண்களிடம் தனியாக உட்கார்ந்து பேசினால் இவற்றில் பாதி முதல் நாளிலேயே தெரிந்துவிடும்.

பெண்கள் உண்மையிலேயே எந்தப் போரையாவது நிறுத்தியிருக்கிறார்களா?

தனியாளாக யாரும் போரை நிறுத்துவதில்லை, ஆண்களும்தான். ஆனால் பெண்கள் இல்லாமல் அந்தச் சமயத்தில் அந்த முடிவு வந்திருக்காது என்று சொல்லத்தக்க இடங்கள் உண்டு.

லைபீரியா 2003. சமூகப் பணியாளர் லெய்மா போவீயும் தோழிகளும் கிறிஸ்தவப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். வெள்ளை உடையில், தலைநகர் மன்ரோவியாவின் மீன் சந்தைப் பக்கம், வெயிலிலும் மழையிலும் தினமும் உட்கார்ந்தார்கள். ஜனாதிபதி சார்லஸ் டெய்லர் கடைசியில் அவர்களைச் சந்தித்து, பேச்சுக்குப் போவதாக ஒப்புக்கொண்டார். கானாவின் அக்ராவில் பேச்சு வாரக்கணக்கில் இழுத்தது. பிரதிநிதிகள் வசதியான விடுதியில் தங்கிப் பதவிப் பங்கீடு பேசினார்கள், ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. பெண்கள் மண்டபத்தின் வாசலை மறித்துக் கைகோத்து உட்கார்ந்துவிட்டார்கள். கைது செய்ய வந்தபோது, ஆடையைக் களைந்துவிடுவேன் என்று போவீ எச்சரித்தார். தாய் வயதுப் பெண் அப்படிச் செய்வது அங்கே பெரிய சாபமாகக் கருதப்படும். மத்தியஸ்தம் செய்த நைஜீரிய முன்னாள் ஆட்சியாளர் அப்துல்சலாமி அபூபக்கர் இறங்கி வந்து பேசினார். ஆகஸ்ட் 18-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது. கிளர்ச்சியாளர்களின் முற்றுகை, டெய்லர் மீதான சர்வதேசக் குற்றச்சாட்டு, மேற்கு ஆப்பிரிக்கப் படைகளின் வருகை ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் பேச்சு நடந்த அறையின் அவசரமின்மையை உடைத்தது வாசலில் உட்கார்ந்தவர்கள்தான். அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. ஆயுதக் களைவில் உதவினார்கள், 2005 தேர்தலுக்குப் பெண்களை வாக்காளர்களாகப் பதிய வைத்தார்கள். எலன் ஜான்சன் சர்லீஃப் வென்று ஜனாதிபதியானார். போவீக்கும் சர்லீஃபுக்கும், ஏமனின் தவக்குல் கர்மானுக்கும் 2011-இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

கென்யாவின் வடகிழக்கில் உள்ள வஜிர், அளவில் சிறிய கதை. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். 1990-களின் தொடக்கத்தில் குலங்களுக்கிடையே சண்டை முற்றிச் சந்தையே இரண்டுபட்டது. ஒரு குலத்துப் பெண் கடை போட்டால் இன்னொரு குலத்தார் வாங்குவதில்லை. தேக்கா இப்ராஹிம் அப்தியும் இன்னும் சில பெண்களும் முதலில் சந்தையைப் பொதுவாக்கினார்கள். யாரும் யாரையும் மறுக்கக் கூடாது என்று முறை வைத்து, தாங்களே கண்காணித்தார்கள். பிறகு மூத்தவர்களிடம் போனார்கள், இளைஞர்களிடம் போனார்கள், அப்புறம் அரசு நிர்வாகமும் சேர்ந்து ஒரு நிரந்தர அமைதிக் குழு உருவானது. அந்த அமைப்பு முறை நாட்டின் மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது.

வட அயர்லாந்தில் 1996-இல் சில வாரங்களில் கட்டப்பட்ட பெண்கள் கூட்டணி, ஒரு சதவீத வாக்கோடு பேச்சுவார்த்தையில் இரண்டு இடம் பிடித்தது. கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் பெண்கள் இரு தரப்பினரும் அதில் இருந்தார்கள். போரில் பாதிக்கப்பட்டோரின் உரிமை, இரு சமூகக் குழந்தைகளும் சேர்ந்து படிக்கும் கல்வி ஆகியவை 1998 அமைதி ஒப்பந்தத்துக்குள் வர அவர்கள் உழைத்தார்கள். பிலிப்பைன்ஸில் மிரியம் கொரோனல்-ஃபெரர், அரசின் தலைமைப் பேச்சாளராக 2014-இல் மோரோ கிளர்ச்சி இயக்கத்தோடு இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.

பெண்கள் பங்கேற்றால் ஒப்பந்தம் நீடிக்கும் வாய்ப்பு 35 சதவீதம் அதிகம் என்கிறார்களே?

1989 முதல் 2011 வரையிலான 182 ஒப்பந்தங்களை வைத்து வந்த எண் அது. பெண்கள் பங்கேற்றவை 15 ஆண்டுகளாவது நீடிக்கும் வாய்ப்பு அந்த அளவு கூடுதல் என்பது முடிவு. கவனமாகத்தான் கையாள வேண்டும். சமாதானத்தில் ஏற்கெனவே மனம் வைத்த தரப்புகளே பெண்களுக்கும் இடம் கொடுத்திருக்கலாம். 2018-இல் வந்த இன்னொரு ஆய்வு காரணத்தையும் தேடியது. பெண்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களில் அரசியல் சீர்திருத்தப் பிரிவுகள் அதிகம், அவை நிறைவேறும் விகிதமும் அதிகம். மேசையில் இருந்த பெண்களுக்கும் வெளியே இருந்த பெண்கள் அமைப்புகளுக்கும் இடையே இருந்த தொடர்பை அது ஒரு விளக்கமாகச் சொல்கிறது.

எப்படியும், பெண்களின் இடத்துக்கு இந்தச் சதவீதத்தை அடிப்படையாக்க வேண்டியதில்லை. ஆண் பிரதிநிதிகளிடம் 'நீங்கள் வந்தால் ஒப்பந்தம் எத்தனை ஆண்டு தாங்கும்' என்று யாரும் கேட்பதில்லை. போரின் சுமையைத் தாங்கியவர்களுக்கு அதன் முடிவைத் தீர்மானிக்க உரிமை உண்டு.

பெண்கள் இயல்பிலேயே சமாதானப் பிரியர்கள் என்பதால்தானா இதெல்லாம்?

அப்படிச் சொல்வது தவறு, ஆபத்தும் கூட. ருவாண்டாவில் குடும்ப, பெண்கள் நலத்துறை அமைச்சராக இருந்த போலின் நியிராமசுஹுகோ, இனப்படுகொலைக்காகவும் வன்புணர்வுக்காகவும் 2011-இல் தண்டிக்கப்பட்டார். பெண்கள் கட்டாயத்தாலும் விருப்பத்தாலும் ஆயுதம் ஏந்தியிருக்கிறார்கள். நேபாளத்தில் ஐ.நா. சரிபார்த்த 19,602 மாவோயிஸ்ட் போராளிகளில் 3,846 பேர் பெண்கள்.

'பெண் என்றால் சாது' என்ற எண்ணத்தால் அடிபடுவதும் இந்தப் பெண்கள்தான். சியரா லியோனில் ஆயுதக் களைவுத் திட்டத்தில் சேரத் துப்பாக்கி ஒன்றை ஒப்படைக்க வேண்டியிருந்தது. சமையலுக்கும் சுமை தூக்கவும் 'மனைவி'யாகவும் கடத்தப்பட்ட சிறுமிகளிடம் துப்பாக்கி ஏது? உதவித்தொகையும் பயிற்சியும் கிடைக்காமல் அவர்களில் பலர் வெளியே நின்றார்கள்.

மேசையில் இடம் கிடைத்துவிட்டால் போதுமா?

முதலில் இடமே கிடைப்பதில்லை. 1992 முதல் 2019 வரை நடந்த பெரிய அமைதிப் பேச்சுகளில் பேச்சாளர்களில் சராசரியாக 13 சதவீதம், மத்தியஸ்தர்களிலும் கையெழுத்திட்டவர்களிலும் தலா 6 சதவீதம் மட்டுமே பெண்கள். 2020 பிப்ரவரியில் தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஆப்கன் பெண்களுக்குக் குரலே இல்லை. அதே செப்டம்பரில் தொடங்கிய பேச்சில் அரசுத் தரப்பின் 21 பேரில் நால்வர் பெண்கள், தாலிபான் தரப்பில் ஒருவரும் இல்லை. அடுத்த ஆண்டு நடந்தது உலகுக்குத் தெரியும்.

கொலம்பியாவில் நிலைமை வேறு. அரசுக்கும் ஃபார்க் கிளர்ச்சிப் படைக்கும் இடையே ஹவானாவில் நடந்த பேச்சில் 2014-இல் பாலினத்துக்கெனத் துணைக்குழு அமைந்தது. பாதிக்கப்பட்டவர்கள் 60 பேர் நேரில் போய் இரு தரப்பின் முகத்துக்கு நேராகப் பேசினார்கள். பாலியல் வன்முறைக்குப் பொதுமன்னிப்பு கிடையாது என்பது ஒப்பந்தத்தில் ஏறியது. அதற்கு எதிர்ப்பும் வந்தது. 2016 அக்டோபர் வாக்கெடுப்பில் 'பாலினச் சித்தாந்தம் புகுந்துவிட்டது' என்று பிரசாரம் செய்தார்கள், ஒப்பந்தம் மயிரிழையில் தோற்றது, திருத்தி எழுத வேண்டியதாயிற்று. மன்னிப்பு மறுக்கும் பிரிவு நிலைத்தது. 2023-இல் அந்நாட்டின் சிறப்பு அமைதி நீதிமன்றம் பாலியல் வன்முறைக்குத் தனி வழக்கே திறந்தது.

ஆலோசனைக் குழு, பார்வையாளர் இருக்கை என்று பக்கத்து அறையில் உட்கார வைப்பதை நான் பங்கேற்பு என்று எண்ணுவதில்லை. வாசகத்தை மாற்றும் அதிகாரம் வேண்டும்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார்கள் செய்வதும் அமைதிப் பணியா?

ஆம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி நடந்தபோது, 1977 ஏப்ரல் 30 அன்று சில தாய்மார்கள் பிளாசா தே மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். நின்றால் கூட்டம் என்று கலைப்பார்கள் என்பதால் சுற்றி நடந்தார்கள். யாழ்ப்பாணத்தில் 1984-இல் அன்னையர் முன்னணி, கைதான இளைஞர்களுக்காகத் தெருவில் இறங்கியது. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் தொடங்கிய வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளின் போராட்டம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. பிள்ளையின் படத்தைக் கையில் பிடித்தபடி, பதில் தெரியாமலேயே பல பெற்றோர் இறந்துபோனார்கள். துப்பாக்கி ஓய்ந்தாலும் 'என் பிள்ளை எங்கே' என்ற கேள்விக்குப் பதில் இல்லாத நாட்டில் போர் முடிந்துவிட்டதாக அந்த வீடுகளில் யாரும் நினைக்க முடியாது. இவர்கள் மிரட்டப்படுவதையும் பின்தொடரப்படுவதையும் தடுப்பது, 1325 சொல்லும் பாதுகாப்பில் அடங்கும்.

ஆண்களும் பாதிக்கப்படுகிறார்கள்தானே?

ஆம், குறிப்பாகத் தடுப்புக் காவலில். 2013-இன் 2106-ஆம் தீர்மானம் ஆண்களையும் சிறுவர்களையும் குறிப்பிட்டது. பல நாடுகளில் வன்புணர்வுச் சட்டமே பெண்ணுக்கு மட்டும் பொருந்தும்படி இருப்பதால் அவர்கள் வெளியே சொல்ல வழியில்லை. மேலே சொன்ன மருத்துவ உதவி அவர்களுக்கும் அப்படியே பொருந்தும்.

காக்க வந்த அமைதிப்படையினரே தவறு செய்தால்?

நடந்திருக்கிறது, பல நாட்டுப் படைகளில். 2007-இல் பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டின் பேரில் ஹைட்டியிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட இலங்கைப் படையினர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஐ.நா. 2003-லேயே விதி போட்டுவிட்டது: பணம், வேலை, உணவு எதற்கு ஈடாகவும் பாலுறவு கூடாது, 18 வயதுக்குக் குறைந்தவர்களோடு எந்த நிலையிலும் கூடாது. ஆனால் படையினரைத் தண்டிக்கும் அதிகாரம் அவரவர் நாட்டிடம் இருக்கிறது. ஐ.நா. திருப்பி அனுப்பலாம், அதற்கு மேல் முடியாது. பெரிய ஓட்டை இதுதான்.

சீருடையில் பெண்கள் இருப்பது உதவுகிறது. 2007-இல் லைபீரியாவுக்குப் போன இந்தியப் பெண் காவலர் அணி, ஐ.நா. பணியில் முழுக்கப் பெண்களைக் கொண்ட முதல் காவல் அணி. 2016 வரை அது அங்கே சுழற்சி முறையில் இருந்தது. ஆனால் ஆண் படையினரின் ஒழுக்கத்துக்குப் பெண் காவலர்களைப் பொறுப்பாக்கக் கூடாது. அது தளபதியின் வேலை.

போர் முடிந்த பிறகு?

அமைதி வந்ததும் பெண்களைப் பழையபடி வீட்டுக்குள் அனுப்பும் அவசரம் எல்லா இடத்திலும் தெரிகிறது. அங்கீகாரம் தாமதமாகவே வருகிறது. ஜப்பானிய ராணுவத்தின் பாலியல் அடிமையாக இருந்த கொரியப் பெண் கிம் ஹாக்-சுன் வெளிப்படையாகப் பேசியது 1991-இல், இரண்டாம் உலகப் போர் முடிந்து 46 ஆண்டுகளுக்குப் பிறகு. 1971 போரில் பாதிக்கப்பட்ட பெண்களை வங்கதேசம் விடுதலைப் போராளிகளாக அங்கீகரிக்கத் தொடங்கியது 2015-இல்தான். கொசோவோ 2018 முதல், போரில் வன்புணர்வுக்கு ஆளானவர்களுக்கு மாத ஓய்வூதியம் தருகிறது. தீர்ப்பு வருவதற்கு முன்பே கைக்கு வரும் இப்படிப்பட்ட உதவியைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மருந்து வாங்கவும் பேருந்தில் போகவும் காசு இல்லாதவர் சாட்சி சொல்ல எப்படி வருவார்?

என்னைப் போன்ற சாதாரண வாசகர் என்ன செய்ய முடியும்?

உங்கள் அரசிடம் 1325-ஐச் செயல்படுத்தத் தேசியச் செயல் திட்டம் இருக்கிறதா, அதற்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். முதல் திட்டத்தை டென்மார்க் 2005-இல் வெளியிட்டது, இன்று நூறு நாடுகளுக்கு மேல் திட்டம் வைத்திருக்கின்றன. பலவற்றில் நிதி ஒதுக்கீடு என்ற வரியே இல்லை.

பாதிக்கப்பட்டவரின் படம், பெயர், ஊர், தாக்குதல் காணொளி எதையும் பகிர வேண்டாம், 'உலகம் அறியட்டும்' என்ற நல்லெண்ணத்தில் கூட. ஒரு முறை வெளியே போனால் திரும்பப் பெற முடியாது.

யாராவது உங்களிடம் தனக்கு நேர்ந்ததைச் சொன்னால், கேளுங்கள். விவரத்தைத் துருவ வேண்டாம், கைப்பேசியில் பதிவு செய்யவும் வேண்டாம். பயிற்சியில்லாதவர்கள் பலமுறை பதிவு செய்த வாக்குமூலங்களில் சின்னச் சின்ன முரண்கள் வரும். பின்னாளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவற்றைத்தான் முதலில் எடுப்பார். நீங்கள் பத்திரிகையாளராகவோ தொண்டு நிறுவனப் பணியாளராகவோ இருந்து, பதிவு செய்தே ஆக வேண்டுமென்றால், இப்படிப்பட்ட சாட்சியத்தை எப்படிச் சேகரிப்பது என்று சொல்லும், 2022-இல் வெளியான முராத் நெறிமுறையைப் படித்துவிட்டுப் போங்கள். இதே சாட்சியத்தை வேறு யாரும் ஏற்கெனவே எடுத்திருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். பதிவை எங்கே வைப்பீர்கள், யார் பார்ப்பார்கள், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்பதை அவரிடம் பேச்சைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.